ரெண்டு ஈ.சி.ஆர்., ஒரு கிஃப்ட் டீட்

மாமல்லபுரத்தில் நின்றுகொண்டு ‘ஈ.சி.ஆர்.’ என்று சொன்னால் எல்லோருக்கும் சாலைதான் ஞாபகத்துக்கு வரும். கோவளம் வழியாகக் கடலை ஒட்டியே ஓடி, கல்பாக்கத்தைத் தாண்டிப் புதுச்சேரிக்குப் போகிற கிழக்குக் கடற்கரைச் சாலை. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பிய வீடுகளில் கேட்டுப் பாருங்கள். அவர்களுக்கு இன்னொரு ஈ.சி.ஆர். தெரியும். அது பாஸ்போர்ட்டில் இருப்பது. பத்தாவது பாஸ் பண்ணாதவர், வளைகுடா, மலேசியா என்று குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதென்றால், முதலில் அரசாங்கம் அவருடைய வேலை ஒப்பந்தத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம்.

1983-ம் வருஷத்துச் சட்டம். அதன்படி பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், கூட ஜி.எஸ்.டி. போகிறவருக்குப் பத்து லட்ச ரூபாய்க்குக் காப்பீடு உண்டு. ரெண்டு வருஷத்துக்கு பிரீமியம் 275 ரூபாய். லட்சக்கணக்கில் வாங்குகிறவன் இன்னமும் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறான், அது தனிக் கதை. காகிதத்திலாவது அவர்களுக்காக ஒருத்தர் கவலைப்பட்டிருக்கிறார்.

பத்தாவது பாஸ் பண்ணிவிட்டால்? சோதனை கிடையாது. நீங்கள் விவரமானவர், உங்களை யாரும் ஏமாற்ற முடியாது என்பது அரசாங்கத்தின் நம்பிக்கை. எனக்கும் அந்த நம்பிக்கை இருந்தது, போன மாசம் பூஞ்சேரி கூட்ரோட்டில் டீ குடிக்கிற வரைக்கும்.

கூட டீ குடித்தவர் பழைய நண்பர். திருக்கழுக்குன்றத்துக்காரர், மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகன் பி.இ. முடித்துவிட்டு மகேந்திரா சிட்டியில் வேலை பார்க்கிறான். மருமகளுக்கும் அங்கேதான் வேலை. மூணு வயசில் ஒரு பேத்தி. மூணு பேரும் கனடாவுக்கு நிரந்தரமாகக் குடிபோகத் திட்டம். எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்கிற வழியில் விண்ணப்பம் தயாராகிறது.

‘‘ஒரே ஒரு சந்தேகம் சார். அங்க போகும்போது கையில எவ்வளவு சேமிப்பு கொண்டு போகணும்?’’

‘‘கனடாக்காரனே கணக்கு போட்டு வெச்சிருக்கானே அண்ணே. மூணு பேருக்கு 23,360 டாலர். நம்ம காசுக்கு பதினஞ்சு லட்சம்’’ என்றேன். 2025 ஜூலையில் வெளியான பட்டியல் அது. தனி ஆளுக்கு 15,263, நாலு பேருக்கு 28,362.

அவர் சிரித்தார். ‘‘அது காட்டுறதுக்கு சார். நான் கேக்குறது, நிஜமா கொண்டு போறதுக்கு.’’

இந்த ஒரு வரியைத்தான் ஒரு மாசமாக மென்றுகொண்டிருக்கிறேன்.

விஷயம் இதுதான். மகன், மருமகள் ரெண்டு பேர் கணக்கிலும் சேர்த்து ரெண்டு லட்சம் இருக்கிறது. மிச்சம் 13 லட்சத்தை ஏஜென்ட் ‘ஏற்பாடு’ செய்கிறார். ஃபைனான்ஸ்காரர் ஒருத்தரின் பணம் முதலில் அப்பா கணக்குக்கு வரும். அப்பா அதை மகனுக்கு அன்பளிப்பாகத் தந்ததாக முத்திரைத்தாளில் கிஃப்ட் டீட் எழுதித் தருவார். விசா வந்ததும் பணம் வந்த வழியே திரும்பிப் போய்விடும். லட்சத்துக்கு மாசம் ரெண்டாயிரம் வட்டி. ‘‘நாப்பது சென்ட் நிலம் இருக்கு சார். அதுல கை வைக்காமலே முடிஞ்சிடும்’’ என்று பெருமையாகச் சொன்னார். நிஜமாகக் கொண்டுபோக, மருமகளின் நகையை அடகு வைத்து மூணு லட்சம். அது போதுமா என்பதுதான் அவர் சந்தேகம்.

இது ஏதோ ஒரு ஏஜென்ட்டின் மூளையில் உதித்தது என்று நினைக்காதீர்கள். படித்த குடும்பங்கள் இதைக் கூச்சமே இல்லாமல் பேசுகின்றன. ‘ஃபண்ட்ஸ் காட்டியாச்சா?’ என்று கல்யாண வீட்டில் கேட்கிறார்கள். பெண் பார்க்க வரும்போது பக்கத்து வீட்டு சோபாவை இரவல் வாங்கிப் போடுவோமே, அது மாதிரி.

கணக்கு போட்டுப் பார்ப்போம். கனடா கேட்பது ஒருநாள் இருப்பு இல்லை. வங்கிக் கடிதத்தில் கடைசி ஆறு மாசத்தின் சராசரி இருப்பும் இருக்க வேண்டும். அந்தப் பணம் இன்னொருத்தரிடம் கடன் வாங்கியதாக இருக்கக் கூடாது என்று வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். விண்ணப்பிக்கும்போதும் இருக்க வேண்டும், விசா தருகிற நேரத்திலும் இருக்க வேண்டும். ஆக, விண்ணப்பத்துக்கு முன்னால் ஆறு மாசம், அதற்குப் பிறகு முடிவு வரக் குறைந்தது ஓர் ஆறு மாசம். 13 லட்சத்துக்கு மாச வட்டி 26,000. ஒரு வருஷத்துக்கு 3,12,000.

நிஜமாகக் கொண்டுபோக வைத்திருந்தது எவ்வளவு? மூணு லட்சம். வட்டிக்கே பத்தவில்லை! நண்பர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு விரல் விட்டு எண்ணினார். ரெண்டு தடவை எண்ணினார்.

மாட்டினால் என்ன ஆகும் என்பதை ஏஜென்ட் சொல்லவில்லை. பொய்த் தகவல் கொடுத்தால் அஞ்சு வருஷம் கனடா பக்கமே தலைவைத்துப் படுக்க முடியாது. ஏஜென்ட்டுக்கு இல்லை அந்தத் தடை, பையனுக்கு.

சரி, மாட்டவில்லை, போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். வட்டியையும் அப்பா பென்ஷனில் இருந்து கட்டிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மூணு லட்சம் என்பது ஏறக்குறைய 4,600 டாலர். டொரன்டோவில் நம் ஆட்கள் நிறைய இருக்கிற ஸ்கார்பரோ பக்கம் ஒரு பேஸ்மென்ட் வீடு பிடித்தாலே வாடகை 2,000 டாலரை ஒட்டி வரும். ஒன்டாரியோ சட்டப்படி முதல் மாச வாடகையோடு கடைசி மாச வாடகையையும் முன்கூட்டியே வாங்கிக்கொள்ளலாம். ஆக நாலாயிரம் போச்சு. உள்ளூர் கடன் வரலாறு இல்லாத புதியவர் என்றால் இன்னும் சில மாச வாடகையை முன்னாலேயே கேட்கிற வீட்டுக்காரர்களும் இருக்கிறார்கள். மிச்சம் 600 டாலர். அதில் மூணு பேருக்கு பனிக்காலக் கோட்டு, பூட்ஸ், பஸ் பாஸ், அரிசி, பால். பேத்திக்குக் காய்ச்சல் வராமல் இருக்க வேதகிரீஸ்வரரை வேண்டிக்கொள்ள வேண்டியதுதான். (மருத்துவக் காப்பீடு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் போய் இறங்கினால், வந்த மாசத்தின் மிச்ச நாட்களும் அதற்கு மேல் ரெண்டு மாசமும் காத்திருந்தால்தான் அரசுக் காப்பீடு ஆரம்பிக்கும்.)

வேலை? மகேந்திரா சிட்டியில் ஏழு வருஷ அனுபவம் இருக்கிறதே என்பீர்கள். ‘கனடா அனுபவம் உண்டா?’ என்பது அந்த ஊர் முதலாளிகளின் புகழ்பெற்ற கேள்வி. ஒன்டாரியோவில் 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற நிறுவனங்கள் இனி வேலை விளம்பரத்தில் அப்படிக் கேட்கக் கூடாது என்று 2026 ஜனவரி 1 முதல் சட்டமே அமலுக்கு வந்திருக்கிறது. சட்டம் போட்டுத் தடுக்க வேண்டிய அளவுக்கு அந்தக் கேள்வி இருந்திருக்கிறது! விளம்பரத்தில் கேட்காதவர் மனசுக்குள் கேட்க மாட்டாரா?

அந்த 23,360 டாலர் எப்படி வந்தது என்று பார்த்தால் ஒன்று புரியும். கனடாவில் குறைந்த வருமானக் கோடு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், நம் ஊர் வறுமைக்கோட்டுக்குச் சித்தப்பா மாதிரி. வருஷத்துக்கு அதில் சரிபாதிதான் அவர்கள் கேட்கும் தொகை. அதாவது, மிகச் சிக்கனமாக ஆறு மாசம் உயிரோடு இருக்க ஆகும் செலவு. யாரோ அதிகாரி நம்மை விரட்டுவதற்காகக் கண்டுபிடித்த எண் அல்ல. நம் வீட்டுப் பெரியவர் ஒருத்தர் உட்கார்ந்து கணக்கு போட்டாலும் அங்கேதான் வந்து நிற்பார். அதைப் போய் நாம், தாண்டிக் குதிக்க வேண்டிய வேலி என்று எடுத்துக்கொண்டுவிட்டோம்.

அந்த நாட்டுக்காரர்கள் யோக்கியர்கள் என்று நான் சான்றிதழ் தரவில்லை. படிக்கப் போகும் மாணவர்கள் விஷயத்தில் கனடா செய்தது இன்னும் மோசம். வாழ்க்கைச் செலவுக்குப் பத்தாயிரம் டாலர் காட்டினால் போதும் என்று 2000-களின் ஆரம்பத்தில் நிர்ணயித்தார்கள். வாடகை ஏறியது, ரொட்டி விலை ஏறியது, கல்லூரிக் கட்டணமும் ஏறியது. அந்தப் பத்தாயிரம் மட்டும் இருபது வருஷம் அசையவில்லை. அசைத்தால் கூட்டம் குறையுமே! 2024 ஜனவரியில்தான் திடீரென்று ஞானம் வந்து 20,635 ஆக்கினார்கள். 2025 செப்டம்பரில் 22,895. ஒரே ராத்திரியில் ரெண்டு மடங்கு ஆனது செலவா, உண்மையா? பழைய தொகையை நம்பிப் போன பிள்ளைகள் இலவச உணவு வங்கி வாசலில் நின்றார்கள்.

செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தக் கதை புதுசில்லை. 1860 நவம்பர் 16-ம் தேதி ‘ட்ரூரோ’ என்கிற கப்பல் சென்னையில் இருந்து போய்த் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நின்றது. 342 பேர். அதற்குப் பின்னால் 1911 வரை நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குப் போன ஒப்பந்தக் கூலிகள் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல். அவர்களில் பெரும்பகுதி சென்னை வழியாகப் போனவர்கள். வட ஆற்காடும் செங்கல்பட்டும் நிறையப் பேரை அனுப்பிய மாவட்டங்கள். கையில் என்ன சேமிப்பு கொண்டு போனார்கள்? ஒன்றுமில்லை. கப்பல் செலவு அவர்களுடையது இல்லை. பதிலுக்கு அஞ்சு வருஷ உழைப்பு, முதல் வருஷத்தில் மாசம் பத்து ஷில்லிங். இலவசமாகத் திரும்பி வரும் டிக்கெட் வேண்டுமென்றால் பத்து வருஷம் அங்கே இருந்தாக வேண்டும்.

ஒப்பந்தம் முடிந்த பிறகும் அங்கேயே தங்க நினைத்தவர்கள் மேல், 1895 சட்டப்படி வருஷத்துக்கு மூணு பவுண்டு வரி வந்தது. மூணு பவுண்டு என்றால் அறுபது ஷில்லிங். முதல் வருஷக் கூலிக் கணக்கில் ஆறு மாசச் சம்பளம்! வரி கட்ட முடியாதவனுக்கு ரெண்டே வழி. ஊருக்குத் திரும்பு, இல்லையென்றால் மறுபடி கூலியாக கைநாட்டு வை. கையில் காசு இல்லாதவன் எதில் போய் விழுவான் என்று வரி போட்டவனுக்கு நன்றாகத் தெரியும். தில்லையாடி வள்ளியம்மை சிறைக்குப் போன 1913 போராட்டத்தில் அந்த வரியை எடு என்பதும் ஒரு கோரிக்கை. 1914-ல் எடுத்தார்கள்.

இப்போது நண்பரின் கேள்விக்கு வருகிறேன். எவ்வளவு சேமிப்பு கொண்டு போக வேண்டும்? ‘முடியாது’ என்று எத்தனை மாசம் சொல்ல முடியுமோ, அதுதான் சேமிப்பின் அளவு. பாதிச் சம்பளத்துக்குக் கூப்பிடுகிற முதலாளியிடம் முடியாது என்று சொல்ல, ஓட்டை பேஸ்மென்ட்டைக் காட்டுகிற வீட்டுக்காரரிடம் வேண்டாம் என்று சொல்ல, கடைசியில், ‘இந்த ஊர் எனக்குச் சரிப்படவில்லை, நான் கிளம்புகிறேன்’ என்று சொல்லக் கையில் காசு வேண்டும். வட்டிக் கடனோடு போய் இறங்குகிறவன் முதல் நாளே எல்லாவற்றுக்கும் ‘யெஸ் சார்’ சொல்ல வேண்டியவன். டை கட்டியிருக்கிறான் என்பதைத் தவிர, ட்ரூரோவில் போனவருக்கும் அவனுக்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. ட்ரூரோவில் போனவராவது ஊரில் கிஃப்ட் டீட் எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை.

உடனே ஒரு கோஷ்டி கை தூக்கும். ‘நாங்கள்லாம் எட்டு டாலரோட அமெரிக்கா போனவங்க தெரியுமா?’

தெரியும். அந்த எட்டு டாலர் கதையைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. 1960-களிலும் எழுபதுகளின் ஆரம்பத்திலும் இந்தியாவில் அந்நியச் செலாவணிப் பஞ்சம். அவ்வளவுதான் எடுத்துப்போக அரசாங்கம் விட்டது. அது உங்கள் வீரம் அல்ல, ரிசர்வ் வங்கியின் வறுமை. இங்கே ஏறக்குறைய அரசு செலவில் இன்ஜினீயரிங் படித்தீர்கள். அங்கே நிறையப் பேருக்கு உதவித்தொகையோடு பல்கலைக்கழக இடம் காத்திருந்தது. ஊரில் வட்டிக்காரர் வாசலில் உட்கார்ந்திருக்கவில்லை. பாக்கெட்டில் எட்டு டாலர், தலையில் கடன் பூஜ்யம். இன்றைய பையனுக்குப் பாக்கெட்டில் நாலாயிரம், தலையில் இருபது லட்சம். இவர்களில் யார் பணக்காரர்? அதோடு, ஜெயித்தவர்தான் நினைவுக் குறிப்பு எழுதுகிறார். எட்டு டாலரோடு போய்த் தோற்றுத் திரும்பினவர் பக்கத்துத் தெருவில் இருந்தாலும் வாயைத் திறப்பதில்லை.

மாமல்லபுரத்தில் சிற்ப வேலைக்காரர் ஒருவர் எனக்குப் பழக்கம். கோயில் வேலைக்காக மூணு நாடுகளுக்குப் போய் வந்தவர். எட்டாவதோடு நிறுத்தியவர், அதாவது அரசாங்கக் கணக்கில் விவரமில்லாதவர். ‘‘வேலை பேசும்போது சம்பளத்தை அப்புறமாத்தான் கேப்பேன் சார். திரும்பி வர்ற டிக்கெட் யார் கையில இருக்கும்னுதான் முதல்ல கேப்பேன். நம்ம கையில இருந்தாத்தான் கல்லு மேல உளி நிக்கும்’’ என்றார். பி.இ., எம்.இ. படித்தவர்கள் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டு நான் பார்த்ததில்லை. 2022-ல் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பி தாய்லாந்து வழியாக மியான்மருக்குக் கொண்டுபோகப்பட்டு, மோசடிக் கும்பல்களிடம் சிக்கிய நம் பிள்ளைகளும் படித்தவர்கள்தான்.

வேலைக்காக மட்டும் போகிறவர்களுக்குத் தமிழ்நாடு அரசின் நிறுவனமே ஒன்று கிண்டியில் இருக்கிறது. அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம், 1978-ல் ஆரம்பித்தது. தனியார் ஏஜென்ட்டின் பதிவு நிஜமா என்று இ-மைக்ரேட் இணையதளத்தில் ரெண்டு நிமிஷத்தில் பார்க்கலாம். குடும்பத்தோடு குடிபோகிறவர்களுக்கு அப்படி யாரும் கிடையாது, அவர்களே உட்கார்ந்து கணக்கு போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

நண்பருக்கு டீக்கடை பில்லின் பின்னால் எழுதிக் கொடுத்தேன். கனடா கேட்கிற 23,360, முழுக்கச் சொந்தப் பணம். மூணு பேருக்கும் ஊர் திரும்ப டிக்கெட் காசு, தனிக் கணக்கில். பையன் அனுப்புவான் என்று காத்திருக்காமல் இங்கே ஆறு மாசம் வீடு ஓட ஆகிற செலவு. இந்த மூன்றும் சேர்கிற வரைக்கும் ரெண்டு பேரும் மகேந்திரா சிட்டிக்கே ரயில் ஏறட்டும். நகை நகையாகவே இருக்கட்டும். ரெண்டு சம்பளம் வருகிற வீட்டில் சேமிப்பு ரெண்டு லட்சம்தான் என்றால், முதலில் பேச வேண்டியது கனடாவைப் பற்றி அல்ல.

‘‘பையனுக்கு இருபத்தொன்பது முடியப்போகுது சார். முப்பது ஆனா பாயின்ட் குறையுமாமே.’’

நியாயமான பயம். வயசுக்கு மதிப்பெண் உண்டு, 29-க்கு மேல் வருஷா வருஷம் குறையும். மனைவியோடு விண்ணப்பிக்கிறவருக்கு முப்பதில் அஞ்சு மதிப்பெண் போகும். அஞ்சு மதிப்பெண்ணில் வாய்ப்பு தவறிப்போகவும் கூடும், அதை மறைக்க மாட்டேன். அந்த அஞ்சைக் காப்பாற்றத்தான் 3,12,000 வட்டியும், பொய்ப் பத்திரமும், அஞ்சு வருஷத் தடை அபாயமும். மொழித் தேர்வை இன்னொரு தடவை நன்றாக எழுதி அந்த அஞ்சை மீட்க முடியுமா என்று பையன் பார்க்கட்டுமே என்றேன்.

‘‘அப்ப நிலத்தை வித்துடலாமா?’’

வேண்டாம் என்று சட்டென்று சொல்ல வாய் வந்தது. ஆனால் யோசித்தால், விற்று நிஜமாகவே மகனுக்குக் கொடுத்தால் அது யோக்கியமான அன்பளிப்பு. கனடாவும் ஏற்றுக்கொள்ளும். நிலமாக இருக்கிறவரை அதை அவர்கள் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். கொடுத்த பிறகு இவருக்கும் வீட்டம்மாவுக்கும் பென்ஷனைத் தவிர என்ன இருக்கும் என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை.

‘‘ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு சார். சொந்தக்காரங்க வேற எப்ப கிளம்புறாங்கன்னு தினம் கேக்குறாங்க’’ என்றார் கொஞ்ச நேரம் கழித்து.

கிஃப்ட் டீட் இன்னும் எழுதவில்லை. முத்திரைத்தாள் வாங்கி பீரோவில் வைத்திருக்கிறாராம். பையனிடம் நீங்களே ஒரு தடவை பேசுங்கள் என்று என் நம்பரை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். பையன் இன்னும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால், நான் முதலில் கேட்கப்போவது ரிட்டர்ன் டிக்கெட்டைப் பற்றித்தான்.